பத்தியம் சொல்ல ஆள் எங்கே?

வியாதியஸ்தனுக்கு மருந்து கொடுப்பதோடு வைத்தியனுடைய கடமை தீர்ந்துவிடுவதில்லை என்பது நமது தேசத்தில் நெடுங்காலமாக ஒப்புக்கொள்ளப்பட்டுவந்த கொள்கை. கிராமத்து வைத்தியர் சூரணப் பொட்டலத்தை மடித்துக் கையில் கொடுக்கும்போதே, இன்னது தின்னலாம், இன்னது ஆகாது, இத்தனை நாளைக்கு ஆகாது என்று சொல்லி அனுப்பும் வழக்கம் கரிசல் சீமையில் இன்றும் அற்றுப்போகவில்லை. நவீன ஆஸ்பத்திரிகளிலோ ரத்தத்தைப் பரீக்ஷிக்க யந்திரம் இருக்கிறது. எலும்பைப் படம் பிடிக்க யந்திரம் இருக்கிறது. மருந்துச் சீட்டை அச்சடித்துத் தள்ளவும் யந்திரம் வந்துவிட்டது. நோயாளியை எதிரில் உட்காரவைத்து, ‘நீ என்ன சாப்பிடுகிறாய், எந்த வேளையில் சாப்பிடுகிறாய், அதைச் சமைப்பவர் யார்?’ என்று அரைமணி நேரம் விசாரித்து, அதற்குத் தக்கபடி பத்தியம் வகுத்துக் கொடுக்கும் மனிதரைக் காண்பதுதான் அரிதாயிருக்கிறது. சாதாரண வியாதிகளில் இக்குறை வெறும் அசௌகரியமாகத் தோன்றலாம். சில வியாதிகளில் அது பிராணாபத்தாகவே முடியக்கூடும். அப்படிப்பட்ட வியாதி ஒன்றைக் குறித்து இன்று எழுத விரும்புகிறோம்.

மாஸ்ட் செல் என்னும் பெயரை நமது வாசகர்களில் பலர் கேட்டிருக்கமாட்டார்கள். அது எல்லோருடைய உடம்பிலும் உள்ள ஓர் அணுதான். தோலுக்கடியிலும், மூச்சுக்குழாயிலும், குடலின் சுவரிலும் காவற்காரனைப் போல் அது நிற்கிறது. அதனுள்ளே ஹிஸ்டமின் முதலிய பல சரக்குகள் சிறு மணிகளாகக் கட்டிவைக்கப்பட்டிருக்கின்றன. உடம்பிற்குள் சத்துரு புகுந்தான் என்று தோன்றினால் அந்த அணு தன் சரக்குகளை அவிழ்த்துக் கொட்டும். தோல் சிவந்து தடிப்பதும், மூக்கில் நீர் வடிவதும், குடல் முறுக்குவதும் அதன் விளைவுகளே. சிலருக்கு இந்த அணுக்கள் அளவுக்கு மீறிப் பெருகிவிடுகின்றன. அது மாஸ்டோசைட்டோசிஸ் எனப்படும். வேறு சிலருக்கு எண்ணிக்கை சரியாயிருந்தும், காவற்காரன் நிழலைக் கண்டும் கூச்சலிடுகிறான். வெயில், குளிர், உராய்வு, மனக்கவலை, குளவிக் கொட்டு, சில வலி மாத்திரைகள், சில ஆகாரங்கள் ஆகிய எதுவும் அவனைக் கிளப்பிவிடப் போதும். உடம்பெல்லாம் நெருப்பாய்ச் சிவக்கும், வயிறு கழியும், ரத்த அழுத்தம் சரிந்து மயக்கம் போடும். தக்க சமயத்தில் அட்ரினலின் ஊசி போடாவிட்டால் உயிருக்கே மோசம் வருவதும் உண்டு.

இந்த அணுவைக் கண்டு பெயரிட்டவர் ஜெர்மானிய விஞ்ஞானி பால் எர்லிக். 1878-ம் வருஷம் லைப்ஸிக் சர்வகலாசாலையில் பட்டத்திற்காக எழுதிய ஆராய்ச்சியில், சாயமேற்றிப் பார்த்தபோது மணிமணியாய் நிறைந்து காணப்பட்ட அணுக்களை அவர் வர்ணித்தார். ஜெர்மன் பாஷையில் ‘மாஸ்ட்’ என்பது கொழுக்க ஊட்டுதலைக் குறிக்கும் சொல். நன்றாகத் தின்று கொழுத்த அணு என்று எண்ணி அந்தப் பெயரை அவர் வைத்தார். கொழுத்த அணுவைச் சுமப்பவன் எதைத் தின்பதென்று தெரியாமல் மெலிந்துபோவது அந்தப் பெரியவர் எதிர்பார்த்திராத விபரீதம்.

ஆகாரத்திற்கும் இந்த வியாதிக்கும் உள்ள சம்பந்தம் சிக்கலானது. ஹிஸ்டமின் நமது உடம்பில் மட்டும் உற்பத்தியாவதில்லை. நாம் உண்ணும் பண்டங்களிலும் இருக்கிறது. புரதத்திலுள்ள ஹிஸ்டிடின் என்னும் சத்தைச் சில நுண்கிருமிகள் ஹிஸ்டமினாக மாற்றுகின்றன. ஆகவே புளித்தவை, பழையவை, ஐஸ் இல்லாமல் காத்துக்கிடந்த மீன் ஆகியவற்றில் அது சேருகிறது. அப்படி ஒருமுறை சேர்ந்துவிட்டால் கொதிக்கவைத்தாலும் போகாது, உறையவைத்தாலும் போகாது. சூரை, அயிலை, சாளை முதலிய மீன்களில் ஹிஸ்டிடின் மிகுதி. அவை கெட்டால் ஆரோக்கியமானவனுக்கும் முகம் சிவந்து தலை இடிக்கும். மீனில் ஒரு கிலோவிற்கு 200 மில்லிகிராமுக்கு மேல் ஹிஸ்டமின் இருக்கலாகாதென்று சர்வதேச உணவுத் தர ஸ்தாபனமாகிய கோடெக்ஸ் வரையறுத்திருப்பது இக்காரணத்தினால்தான். சாதாரண மனிதனின் குடலில் இதைச் சிதைக்கும் ஒரு பொருள் சுரந்து அவனைக் காக்கிறது. ஏற்கனவே ஹிஸ்டமின் வெள்ளத்தில் தத்தளிக்கும் நோயாளிக்கு வெளியிலிருந்து வருவதும் சேர்ந்தால் கரை உடையலாம் என்பதே பத்தியத்திற்கு ஆதாரமான நியாயம்.

நியாயம் சரிதான். ஆனால் அதைக் கரிசல் காட்டு அடுப்பங்கரைக்குக் கொண்டுவந்து பார்த்தால் சங்கடம் புலப்படும்.

கோவில்பட்டியைச் சுற்றியுள்ள பூமி வடகிழக்குப் பருவமழையை நம்பிப் பிழைப்பது. பருத்தியும், கம்பும், சோளமும், குதிரைவாலியும், உளுந்தும் பாசியும், மிளகாயும் மல்லியும் அங்கே விளைபவை. மானாவாரிப் பயிர்களுக்கென்றே 1901-ம் வருஷத்திலிருந்து அவ்வூரில் ஒரு விவசாய ஆராய்ச்சி நிலையம் இயங்கிவருகிறது. அந்தச் சீமையின் ஆகார முறை வறட்சியோடும் உழைப்போடும் ஒட்டி வளர்ந்தது. ராத்திரி காய்ச்சிய கம்பங்கூழ் மறுநாள் காலையில் மோர் சேர்த்துக் கரைக்கப்பட்டுக் காட்டிற்குப் போகும். வடித்த சோறு நீரில் ஊறிப் பழையதாகும். தொட்டுக்கொள்ளச் சுட்ட கருவாடு, அல்லது ஊறுகாய், அல்லது மோர் மிளகாய். தூத்துக்குடிக் கடல் சுமார் 60 கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பதால், மீன் சந்தைக்கு வந்து சேரும் வரையில் அதன்மேல் எவ்வளவு ஐஸ் இருந்தது என்பது வாங்குகிறவனுக்குத் தெரியாது. வாங்கியதைக் குழம்பாக வைத்தால், அதுவும் இரண்டாம் நாள்தான் ருசி என்று சொல்லி எடுத்துவைப்பது நமது ஜனங்களின் வழக்கம். பட்டணத்து மேஜைக்குப் பொருந்துமாறு எழுதப்பட்ட பத்தியப் பட்டியல் எதுவானாலும், அதில் முதலில் அடிபடுவது இந்தப் பண்டங்களே. ஏழையின் சட்டியிலிருந்து அவற்றை நீக்கிவிட்டால் மிச்சம் என்ன இருக்கிறது?

தீப்பெட்டி ஆபீஸுக்கு வேலைக்குப் போகும் ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். விடியுமுன் எழுந்து, பிள்ளைகளுக்கும் புருஷனுக்கும் எடுத்துவைத்துவிட்டு, தூக்குச் சட்டியில் நேற்றைய சோற்றோடு அவள் வண்டியேறுகிறாள். இவளுக்கு இந்த வியாதி என்று யாரோ ஒரு நிபுணர் பெருநகரத்தில் கண்டுபிடித்துச் சொல்லிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். கண்டுபிடிப்பதே ஒரு பாக்கியம். டிரிப்டேஸ் என்னும் பொருளின் அளவை, உபத்திரவம் வந்த சில மணி நேரத்திற்குள் ஒருமுறையும், அது முற்றும் அடங்கிய பிறகு ஒருமுறையும் ரத்தத்தில் பார்க்கவேண்டும்; இரண்டையும் ஒப்பிட்டால்தான் உண்மை விளங்கும். அதையெல்லாம் கடந்து வீடு திரும்புகிறவளின் கையில் ஒரு காகிதம் இருக்கும். தக்காளி ஆகாது, கத்தரிக்காய் ஆகாது, கீரை ஆகாது, பருப்பு ஆகாது, தயிர் ஆகாது, புளித்த மாவு ஆகாது, நிலக்கடலை ஆகாது, மீதம் வைத்த எதுவும் ஆகாது என்று அது சொல்லும். அவகாடோவும் பாலாடைக்கட்டியும் திராக்ஷை மதுவும் ஆகாது என்றும் சொல்லும். பின்னவற்றைக் கைவிட அவளுக்கு யாதொரு கஷ்டமும் இராது!

வேடிக்கை ஒருபுறமிருக்கட்டும். இத்தகைய பட்டியல்களின் யோக்கியதை என்ன? பார்ஸிலோனா சர்வகலாசாலையைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் 2021-ம் வருஷம் வெளியிட்ட ஆராய்ச்சியொன்றில், உலகில் வழங்கும் ஹிஸ்டமின் பத்தியங்கள் பலவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்த்தார்கள். புளிக்கவைத்த பண்டங்களை விலக்குவதில் மட்டுமே எல்லாப் பட்டியல்களும் ஒத்துப்போயின. விலக்கப்பட்ட மற்றப் பண்டங்களில் ஒன்று விலக்கியதை மற்றொன்று அனுமதித்தது. பண்டத்திலுள்ள ஹிஸ்டமினைக் காரணங்காட்டி நியாயப்படுத்தக்கூடிய விலக்குகள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். கோர்ட்டில் சாக்ஷிகள் இப்படி ஒருவருக்கொருவர் முரணாகச் சொன்னால் எந்த நீதிபதியும் அவர்கள் சொல்லைக் கொண்டு ஒருவனைத் தண்டிக்கமாட்டார். இங்கேயோ அந்தச் சாக்ஷியத்தை நம்பி ஒரு ஸ்திரீ ஆயுள் பரியந்தம் அரைவயிற்றுத் தண்டனை அனுபவிக்கிறாள்.

இதற்கு இணையாக ஊரிலும் ஒரு பட்டியல் உண்டு. அரிப்பு என்றவுடனே ‘கரப்பான் பண்டம் ஆகாது’ என்று பாட்டிமார் சொல்வார்கள். கத்தரிக்காயும் கருவாடும் அதில் முதன்மையானவை. மேல்நாட்டுப் பட்டியலிலும் இவ்விரண்டும் இருப்பது கவனிக்கத்தக்கது. நமது முன்னோர்கள் கண்ணால் கண்டு அறிந்ததில் ஏதோ உண்மை இருந்திருக்கவேண்டும். ஆனால் சில இடங்களில் சோளத்தையும் கம்பையும்கூடக் கரப்பான் வரிசையில் சேர்ப்பதுண்டு. மேல்நாட்டார் விலக்கியதையும் விலக்கி, பாட்டி விலக்கியதையும் விலக்கினால், ரேஷன் அரிசியும் உப்பும் வெந்நீருமே மிஞ்சும். இதுவா பத்தியம்? இது பட்டினிக்கு வைத்த வேறு பெயர்.

பட்டினியின் பலன் இந்த வியாதியில் இரட்டிப்பாகிறது. மாஸ்டோசைட்டோசிஸ் உள்ளவர்களுக்கு எலும்பு நைந்துபோகும் அபாயம் மற்றவர்களைவிட அதிகம் என்பது வைத்திய உலகம் அறிந்த விஷயம். அப்படிப்பட்டவரைப் பாலையும் தயிரையும் ஒருங்கே விட்டுவிடச் சொல்லி, அதற்குப் பதில் எதையும் காட்டாமல் அனுப்புவது எவ்வளவு விபரீதம்! தயிர் ஆகாவிட்டால் காய்ச்சிய புதுப்பால் ஆகுமா என்று பார்க்கவேண்டும். அதுவும் ஆகாவிட்டால், 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்துள்ள கேழ்வரகு இருக்கிறது. அவர்கள் தினந்தோறும் சாப்பிடும் மாத்திரைகளில் வயிற்று அமிலத்தைக் குறைப்பவை உண்டு. அவற்றை நெடுங்காலம் உட்கொண்டால் பி-12 என்னும் ஜீவசத்து உடம்பில் சேருவது குறையும். மீனையும் முட்டையையும் பாலையும் அத்துடன் நிறுத்திவிட்டால் நரம்புகளுக்கே கேடு. இவற்றையெல்லாம் கூட்டிக் கழித்துக் கணக்குப் பார்க்கத்தான் தேர்ச்சி பெற்ற ஆகார நிபுணர் வேண்டுமென்கிறோம்.

ஆஸ்பத்திரிகளில் டயட்டீஷியன் என்று அழைக்கப்படும் அந்த நிபுணர் என்ன செய்வார்? எடையைக் குறித்துக்கொள்வார். ஒரு நோட்டுப் புஸ்தகத்தைக் கையில் கொடுத்து, தின்றது, வேளை, வெயிலில் நின்றது, மாத்திரை, உபத்திரவம் எல்லாவற்றையும் எழுதச் சொல்வார். எழுதத் தெரியாதவரிடம் கேட்டுத் தாமே எழுதிக்கொள்வார். தீப்பற்றியது மீனாலா, அல்லது மீன் தின்ற பிறகு நடந்த சித்திரை வெயிலாலா, அல்லது முழங்கால் வலிக்கு விழுங்கிய மாத்திரையாலா என்று அந்த நோட்டில்தான் தெரியவரும். பிறகு சந்தேகத்திற்குரிய சிலவற்றை மட்டும் இரண்டு முதல் நான்கு வாரம் வரையில் நிறுத்திப் பார்ப்பார். குணம் தெரியாவிட்டால் அந்தப் பத்தியம் ரத்து; நிறுத்தியவற்றை நோயாளிக்குத் திருப்பிக் கொடுத்துவிடவேண்டும். குணம் தெரிந்தால் ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்து, எது உண்மையான குற்றவாளி என்று பிரித்தெடுக்கவேண்டும். முன்பு மயங்கி விழுந்தவர்களிடம் இந்தப் பரீக்ஷையை வீட்டில் செய்யலாகாது; அட்ரினலின் தயாராயுள்ள ஆஸ்பத்திரியில், வைத்தியர் முன்னிலையில்தான் செய்யவேண்டும். பத்தியத்திற்கு ஆரம்பம் உண்டென்றால் முடிவும் உண்டு. காகிதப் பட்டியலில் இல்லாதது இந்த முடிவுதான்.

நமது கரிசல் ஆகாரத்தை அறிந்த நிபுணராயிருந்தால் இன்னும் பல காரியங்கள் எளிதாகும். கூழ் ஆகாவிட்டால் கம்பு ஆகாதென்று அர்த்தமில்லை. அதே கம்பை இடித்து அன்றைக்கே சோறாகவோ களியாகவோ கிண்டி உண்டால், தானியம் அதுவேதான். அதைப் புளிக்கவைத்த ராத்திரிதான் கழிந்துபோயிற்று. இட்லி ஆகாவிட்டால் இடியாப்பம் இருக்கிறது, புட்டு இருக்கிறது, பொங்கல் இருக்கிறது. முதல் நாள் மாவும் மூன்றாம் நாள் மாவும் ஒன்றல்ல என்பதை அவர் அறிவார். மீதம் வைத்ததில் எல்லாம் ஒரே மாதிரியான தோஷம் இல்லை என்பதையும் அறிவார். புரதம் மிகுந்த மீன் குழம்பையும் கறிக் குழம்பையும் மறுநாள் வரை வைத்துத் தின்பது வேறு. காலையில் வடித்த சோற்றையும் பொரியலையும் அன்று மத்தியானம் தின்பது வேறு. தீப்பெட்டி ஆபீஸுக்குப் போகும் பெண்ணை ‘மூன்று வேளையும் புதிதாகச் சமை’ என்று ஏவுகிறவர் அவளுடைய ஜீவனத்தை அறியாதவர். கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்கு 2020-ம் வருஷம் புவிசார் குறியீடு கிடைத்தது. நிலக்கடலை ஒவ்வாதவர்கள் சிலர் உண்டு. அவர்களுக்கு அது விஷமே. ஆனால் ஒவ்வாமை இருப்பதாக யாதொரு அத்தாக்ஷியும் இல்லாத ஒருவரிடம், பட்டியலில் இருக்கிறது என்ற ஒரே காரணத்திற்காக, அந்த ஊரில் மலிவாகக் கிடைக்கும் புரதத்தைப் பறிப்பது அறிவுடைமையாகாது.

நாம் வைத்திய சாஸ்திரம் பயின்றவரல்லோம். சட்டப் புஸ்தகங்களைப் புரட்டிப் பழகியவர்கள். ஆகையால் அந்தப் பக்கத்தையும் சிறிது பார்ப்போம். ஆகார நிபுணர் என்று பலகை மாட்டிக்கொள்ள நமது தேசத்தில் நெடுநாள் எந்தக் கட்டுப்பாடும் இருந்ததில்லை. வக்கீலாவதற்குப் பட்டமும் பதிவும் வேண்டும். மருந்துக் கடையில் மாத்திரை எண்ணிக் கொடுப்பதற்கும் பதிவு வேண்டும். ஒருவன் எதை உண்ணலாம் எதை உண்ணலாகாது என்று விதிப்பதற்கு மட்டும் ஒன்றும் வேண்டாமலிருந்தது. 2021-ம் வருஷம் பார்லிமெண்டில் நிறைவேறிய துணைமருத்துவ மற்றும் சுகாதாரத் தொழிலாளர்களுக்கான தேசியக் கமிஷன் சட்டம் இந்தக் குறையைத் தீர்க்க வழி வகுத்தது. அதன் அட்டவணையில் டயட்டீஷியன்களும் சேர்க்கப்பட்டிருக்கிறார்கள். தகுதியையும் பாடத்திட்டத்தையும் நிர்ணயிப்பதற்கும், மத்தியிலும் ராஜ்யந்தோறும் பதிவேடு வைப்பதற்கும் அது ஏற்பாடு செய்கிறது. சட்டம் நல்ல சட்டம். ஆனால் பதிவேட்டில் பெயர் ஏறுவதால் மாத்திரம் கோவில்பட்டியில் ஒரு நாற்காலி நிரம்பிவிடாது. அரசியல் சாஸனத்தின்படி ஆஸ்பத்திரிகள் ராஜ்ய சர்க்காரின் அதிகாரத்திற்குட்பட்டவை. நாற்காலியைப் போடவேண்டியவர்கள் அவர்களே.

அதே 2021-ம் வருஷம் மத்திய சர்க்கார் வெளியிட்ட அபூர்வ நோய்களுக்கான தேசியக் கொள்கையில் வேறொரு முக்கியமான ஒப்புதல் அடங்கியிருக்கிறது. விசேஷ ஆகாரத்தினாலேயே சமாளிக்கக்கூடிய சில பிறவி நோய்களை அது தனியே பிரித்து வகுத்திருக்கிறது. அதாவது, ஆகாரமே மருந்தாகும் என்பதைச் சர்க்கார் எழுத்து மூலமாகவே ஒப்புக்கொண்டாய்விட்டது. மருந்து என்று ஒப்புக்கொண்ட பிறகு, அதை அளந்து கொடுக்க ஆள் வேண்டாமா?

மற்றொரு சட்ட விஷயம் நமது பாஷையைப் பொறுத்தது. 2020-ம் வருஷத்து உணவுப் பொட்டல விதிகளின்படி, பால், முட்டை, மீன், நிலக்கடலை, சோயா, கோதுமை போன்றவை கலந்திருந்தால் பொட்டலத்தின்மேல் அதைக் குறிப்பிட்டாகவேண்டும். ஒரு கிலோவிற்கு 10 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் ஸல்பைட் உப்பு இருந்தாலும் குறிப்பிட்டாகவேண்டும். மெத்தச் சரி. எந்த பாஷையில்? ஆங்கிலத்தில், அல்லது தேவநாகரி லிபியில் எழுதிய ஹிந்தியில். வேறு பாஷையையும் கூடச் சேர்த்துக்கொள்ளலாம் என்பது கம்பெனிக்காரருக்கு அளிக்கப்பட்ட தயவு, கட்டாயமல்ல. விளாத்திகுளத்திலும் கயத்தாற்றிலும் பெட்டிக்கடையில் பொட்டலம் வாங்குகிற தாய், தன் குழந்தைக்கு ஆபத்தானது அதில் இருக்கிறதா என்பதைத் தெரிந்துகொள்ள இங்கிலீஷோ ஹிந்தியோ படித்திருக்கவேண்டுமாம்! தமிழ் நாட்டில் விற்கும் பொட்டலத்தில் அபாய எச்சரிக்கையாவது தமிழில் இருக்கவேண்டும் என்று கேட்பது பாஷாபிமானம் மட்டுமல்ல. உயிரைப் பற்றிய பேச்சு. பாஷைக்காகக் கொடிபிடிக்கும் நண்பர்கள் இந்தச் சிறிய எழுத்துக்களின்மீதும் சற்றுக் கண்ணைச் செலுத்தினால் நலமாயிருக்கும்.

‘அபூர்வ வியாதிதானே, பத்தாயிரத்தில் ஒருவருக்காக ஒரு உத்தியோகமா?’ என்று கேட்கும் சிக்கனக் கனவான்கள் இருக்கத்தான் செய்வார்கள். மாஸ்டோசைட்டோசிஸ் சுமார் 10,000 பேருக்கு ஒருவரைப் பற்றுகிறது என்பது ஐரோப்பியக் கணக்கு. இங்கும் அதே விகிதமானால், 2011-ம் வருஷத்து ஜனக்கணக்கின்படி பதினேழரை லக்ஷம் பேர் வசித்த தூத்துக்குடி ஜில்லாவில் மட்டும் ஏறக்குறைய 175 பேர் இருக்கவேண்டும். அவர்களில் எத்தனை பேர் தோல் வியாதியென்றும், குடல் வியாதியென்றும், பேய்க் கோளாறென்றும் அலைந்துகொண்டிருக்கிறார்களோ! அது கிடக்கட்டும். ஆகார நிபுணர் ஒருவர் வந்து உட்கார்ந்தால் இந்த 175 பேருக்கு மட்டுமா பத்தியம் சொல்வார்? நீரிழிவுக்காரர், சிறுநீரகம் கெட்டவர், கோதுமை ஒவ்வாத குழந்தை, ரத்தசோகையுள்ள கர்ப்பிணி எல்லோரும் அவருடைய வாசலில்தான் நிற்பார்கள்.

இந்தச் சாஸ்திரம் நமக்குப் புதிதுமன்று, அந்நியமுமன்று. 1918-ம் வருஷத்தில் நீலகிரியிலுள்ள குன்னூரில் ராபர்ட் மெக்காரிஸன் என்னும் வைத்தியர் ஒரு சிறிய அறையில் பெரிபெரி நோயைப் பற்றித் தொடங்கிய விசாரணைதான் இன்று ஹைதராபாத்தில் தேசியப் போஷாக்கு ஸ்தாபனமாக வளர்ந்து நிற்கிறது. பல பிரதேசத்தாரின் உணவை எலிகளுக்கு ஊட்டி, பஞ்சாபியர் ஆகாரம் தின்ற எலி செழித்ததையும், சென்னைப் பக்கத்து அரிசி ஆகாரம் தின்ற எலி நலிந்ததையும் அவர் எடுத்துக்காட்டினார். அவருக்குப் பின் வந்த அய்க்ராய்ட், இந்திய உணவுகளின் சத்தைக் கணக்கிட்டு 1937-ம் வருஷம் ஒரு கைப்புஸ்தகம் வெளியிட்டார். அந்தப் பரம்பரையில் 2017-ம் வருஷம் வெளிவந்த அட்டவணையில் 528 உணவுப் பொருள்கள் பரிசோதிக்கப்பட்டு எழுதப்பட்டிருக்கின்றன. கோயமுத்தூரிலோ, தேசபக்தர் ஸ்ரீ அவினாசிலிங்கம் செட்டியார் 1957-ம் வருஷத்தில் பெண்களுக்கென்று ஒரு மனையியல் கல்லூரியை நிறுவினார். அமெரிக்காவில் போஷாக்கு சாஸ்திரம் கற்றுத் திரும்பிய ஸ்ரீமதி ராஜம்மாள் தேவதாஸ் அதை வளர்த்துச் சர்வகலாசாலையாக்கினார். இத்தகைய கலாசாலைகளிலிருந்து வருஷந்தோறும் பெண்கள் பட்டம் பெற்று வெளிவருகிறார்கள். அவர்களில் பலரைப் பெருநகரத்துத் தனியார் ஆஸ்பத்திரிகள் எடுத்துக்கொள்கின்றன. கரிசல் காட்டிற்கு வர அவர்கள் மறுக்கிறார்கள் என்று சொல்வது அநியாயம். அழைத்துச் சம்பளம் கொடுத்துப் பார்த்த பிறகல்லவா அப்படிச் சொல்லவேண்டும்?

ஏழைக் குழந்தையின் வயிறு சர்க்காரின் பொறுப்பு என்று நமது ராஜ்யம் ஏற்றுக்கொண்ட கதையும் இந்த மண்ணைச் சேர்ந்ததே. 1956-ம் வருஷத்தில் ஸ்ரீ காமராஜ் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்தது, கோவில்பட்டிக்கு அருகிலுள்ள எட்டயபுரத்தில். அப்பொழுதும் பணம் எங்கே என்று கேட்டவர்கள் இருந்தார்கள். அன்று கேட்கப்பட்டது வயிறு நிறையச் சோறு. இன்று நாம் கேட்பது, அந்தச் சோற்றில் எது ஒருவனுக்கு ஆகும், எது ஆகாது என்று கற்றுச் சொல்லும் ஒரு வாய்.

செய்யக்கூடியது என்ன? கோவில்பட்டி ஆஸ்பத்திரி ஒவ்வொன்றிலும் மாஸ்ட் செல் நிபுணரை நியமிக்கும்படி நாம் கேட்கவில்லை. அது ஆகாத காரியம். மதுரையிலும் திருநெல்வேலியிலும் சர்க்கார் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. அவற்றுள் ஒன்றில் ஒவ்வாமை, தோல், குடல், ரத்தம் ஆகிய துறைகளின் வைத்தியர்களும் ஓர் ஆகார நிபுணரும் மாதம் ஒருநாள் கூடி உட்காரட்டும். தென் ஜில்லாக்களில் சந்தேகத்திற்குரிய நோயாளிகளை அங்கே அனுப்பட்டும். முதல் தடவை நேரில் பார்த்த பிறகு, அடுத்தடுத்த விசாரணைகளைத் தொலைபேசியிலேயே நடத்தலாம். 2020-ம் வருஷம் முதல் தொலைமருத்துவத்திற்குச் சர்க்காரே விதிமுறை வகுத்து, படத்தோடு பேசும் வசதியையும் ஏற்படுத்தியிருக்கிறது. ஒருநாள் கூலியையும் வண்டிச் சத்தத்தையும் இழந்து 100 கிலோமீட்டர் போய் ஐந்து நிமிஷம் பேசித் திரும்புவதைவிட, வீட்டுத் திண்ணையிலிருந்தே தமிழில் அரைமணி நேரம் பேசுவது மேலல்லவா? ஜில்லா ஆஸ்பத்திரிகளில் உள்ளவர்கள் செய்யவேண்டியது இரண்டே காரியம். உபத்திரவத்தோடு வருகிறவருக்கு அட்ரினலினைத் தாமதியாமல் தொடையில் போடவேண்டும்; ஒரு மில்லிலிட்டரில் ஒரு மில்லிகிராம் கொண்ட அந்தச் சிறிய குப்பி விலையுயர்ந்த பொருளல்ல. அப்படியே டிரிப்டேஸுக்காகச் சிறிது ரத்தமெடுத்துச் சீரத்தைப் பிரித்துக் குளிரில் வைத்து அனுப்பவேண்டும். கரிசல் ஆகாரங்களைக் கொண்டே எழுதப்பட்ட தமிழ்ப் பத்தியப் புஸ்தகம் ஒன்றைத் தயாரிக்கும் வேலையை நமது மனையியல் கலாசாலைகள் ஏற்றுக்கொள்ளலாம். கம்பங்கூழையும் கருவாட்டையும் தெரியாதவர் எழுதிய புஸ்தகத்தை மொழிபெயர்த்துப் பிரயோஜனமில்லை.

இவையெல்லாம் நடந்தேறும் வரையில் நோயாளி காத்துக்கொண்டிருக்க முடியாது. ஆகவே அவர்களுக்கும் ஒரு வார்த்தை. வைத்தியர் சொல்லாமல் எந்த மாத்திரையையும் நிறுத்தாதீர்கள். கைபேசியில் வந்த பட்டியலைப் பார்த்து எந்த ஆகாரத்தையும் மாதக்கணக்கில் விலக்காதீர்கள். நிபுணரைப் பார்க்கப் போகும்போது, இரண்டு வாரத்துக்கு எழுதிய நோட்டையும், சாப்பிடும் மாத்திரைகளின் அட்டைகளையும், வாங்கித் தின்ற பொட்டலங்களின் உறைகளையும் எடுத்துச் செல்லுங்கள். சமைக்கிறவரையும் உடன் அழைத்துப் போங்கள். பத்தியம் எழுதிக் கொடுத்தால், அது எந்தத் தேதியில் முடிகிறது என்பதையும் அந்தச் சீட்டிலேயே எழுதி வாங்கிக்கொண்டு வாருங்கள்.